எந்தக் கால் முன்னால்?

"எந்தக் கால் முன்னாடி வெச்சு ஓட்டுவீங்க?" என்று கேட்டாள் கடைக்காரி கிரெமெனா.

லச்செசார் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டுப் பலகை வாங்க வந்தால் உயரம் கேட்பார்கள், எடை கேட்பார்கள் என்று தயாராகத்தான் வந்திருந்தான். இப்படி ஒரு கேள்வி இருப்பதே அவனுக்குத் தெரியாது.

"இடது" என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல, வலது. இடத்தைப் பொறுத்து மாறும்" என்றான்.

"எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?"

"ஏழு வருஷம்."

கிரெமெனா, பலகைக்கு மெழுகு தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியை அணைத்து வைத்தாள். ஐம்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய நரைத்த தலை. பல்கேரியத் தலைநகர் சோபியாவில் பாதிப் பேர் அவளிடம்தான் பலகை வாங்குகிறார்கள் என்று லச்செசாரின் கூட்டாளி ஒருவன் சொல்லி அனுப்பியிருந்தான்.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, அவன் கட்டிக்கொள்ளப் போகும் பிலியானாவும் அவள் அப்பா ஸ்பாஸும் அவனை வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போரோவெட்ஸ் மலைக்குப் போகப் போகிறார்கள். இடையில் இருப்பது ஒரே ஒரு நாள்.

எல்லாம் நவம்பரில் ஒரு சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. பிலியானா அவனை முதன்முதலாகத் தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். ஸ்பாஸ் பகலில் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். முப்பது வருடமாக மலை மீட்புக் குழுவில் தொண்டரும்கூட. ரக்கியா என்னும் பழச்சாராயத்தை ஊற்றிக்கொண்டே, "பனி தெரியாத ஆளோட நான் மலைக்கு இல்ல, மார்க்கெட்டுக்குக்கூடப் போக மாட்டேன்" என்றார். பிறகு அவனைப் பார்த்து, "உனக்கு எப்படி தம்பி?" என்றார்.

லச்செசார் பிறந்தது ரூசேயில், டான்யூப் ஆற்றங்கரையில். கண்ணுக்கெட்டிய தூரம் மேடே இல்லாத ஊர். வேலை லிப்ட் மெக்கானிக். பதினாறு மாடிக் கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் ஒற்றைக் கம்பியில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடுவான். ஆனால் அந்த மேசையில் ஸ்பாஸ், பிலியானா, அவள் அம்மா மூன்று பேரும் தன்னையே பார்த்தபோது, "ஸ்கீ வராது மாமா. ஏழு வருஷமா ஸ்னோபோர்டு ஓட்டுறேன்" என்று வாயில் வந்துவிட்டது. ஸ்பாஸ் அவன் முதுகில் தட்டினார். பிலியானா மேசைக்கடியில் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த அழுத்தத்துக்குப் பிறகு உண்மையைச் சொல்ல அவனால் முடியவில்லை.

மறுநாள் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில், பனியே பெய்யக் கூடாது என்று வேண்டிக்கொண்டு இரண்டு மாதத்தை ஓட்டினான். ஜனவரி பாதியில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. "உன் போர்டு எங்க?" என்று பிலியானா கேட்டாள். ரூசேயில் அம்மா வீட்டில் இருக்கிறது, பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன் என்றான். ஆக, இப்போது அவனுக்கு வேண்டியது ஒரு பலகை மட்டுமல்ல. ஏழு வருடம் ஓட்டியதுபோல் தெரியும் பலகை.

பழைய பலகைகள் கடையின் பின்சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவன் கண் நேராகக் கறுப்பு ஒன்றில் போய் நின்றது. உடம்பெல்லாம் கீறல். மேலே கிழிந்த ஸ்டிக்கர்கள். நிமிர்த்தி வைத்தால் அவன் புருவம் வரை வந்தது.

"இது" என்றான்.

"அது வேகமா போறவங்களுக்கு." கிரெமெனா பலகையின் நுனியைப் பிடித்து நடுவில் முழங்காலால் அழுத்தினாள். அசையவே இல்லை. "பாத்தீங்களா? முரடு. சின்னத் தப்பு பண்ணினாலும் மன்னிக்காது. தூக்கிப் போட்டுரும்." அருகிலிருந்த பச்சைப் பலகையை எடுத்து அதேபோல் அழுத்தினாள். அது மூங்கில் கழிபோல வளைந்து கொடுத்தது. "இது உங்க மோவாய் வரைக்கும்தான் வரும். இழுத்த இழுப்புக்குத் திரும்பும்."

"அது பாத்தா சின்னப் பசங்க போர்டு மாதிரி இருக்கு."

"பனிக்குக் கண்ணு கிடையாது. உங்க ஷூ சைஸ் என்ன?"

"நாப்பத்தாறு."

"அப்ப கறுப்பு உங்களுக்கு அகலமும் பத்தாது. கால்விரல் வெளிய நீட்டிட்டிருக்கும். சாயும்போது பனியில குத்தி நிக்கும், நீங்க மட்டும் போயிட்டே இருப்பீங்க."

"பழகின போர்டு மாதிரி இருக்கணும் எனக்கு" என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு விசித்திரமாகக் கேட்கிறது என்று உறைத்தது.

அவள் அவன் பின்னால் போய், எதையோ எடுப்பதுபோல் நின்று, தோளில் இரண்டு கையையும் வைத்து ஒரே தள்ளு தள்ளினாள். தடுமாறி விழப்போனவன் வலது காலை முன்னே ஊன்றி நின்றான்.

"என்னங்க பண்றீங்க!"

"வலது கால் முன்னாடி" என்றாள். "யோசிக்காம எது முன்னாடி வருதோ அதுதான். ஏழு வருஷம் ஓட்டினவருக்கு இது தெரிஞ்சிருக்கணும்."

லச்செசாருக்குக் காது மடல் சூடேறியது. உண்மையைச் சொல்ல நல்ல நேரம் அது. முன்பின் தெரியாத பெண். கேலி செய்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் கறுப்பையே எடுத்துக்கொண்டான், நாற்பத்தாறில் ஒரு ஜோடி பழைய பூட்ஸோடு. கிரெமெனா பெருமூச்சு விட்டபடி அதில் பூட்ஸைப் பூட்டும் கால்பிடிகளை வலது கால் முன்னால் வருமாறு திருகி முடுக்கினாள்.

"யாரோட போறீங்க?" என்று கேட்டாள்.

"கட்டிக்கப் போற பொண்ணு. அவங்க அப்பா."

"அவங்ககிட்டயும் ஏழு வருஷம்னுதான் சொல்லியிருக்கீங்களா?"

அவன் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு குடியிருப்பில் லிப்டைச் சரிசெய்துவிட்டு, வழக்கம்போல ஆளில்லாமல் மூன்று முறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான். சோதிக்காத லிப்டில் அவன் யாரையும் ஏறவிட்டதில்லை. சாயங்காலம் வீட்டில் கம்பளத்தின் மேல் பலகையைப் போட்டு இரண்டு காலையும் பூட்டிக்கொண்டு நின்றான். நான்கு நொடி. பிறகு மேசை விளக்கோடு சேர்ந்து விழுந்தான். கீழ்வீட்டுக்காரர் சத்தம் பொறுக்காமல் ஹீட்டர் குழாயைக் கரண்டியால் தட்டினார்.

சனிக்கிழமை, கார் சமோக்கோவ் ஊரைத் தாண்டும்போது பிலியானா பின் சீட்டிலிருந்து பலகையை எட்டித் தடவிப் பார்த்தாள். "எவ்வளவு கீறல்! பாறை மேலயா ஓட்டின?" என்று சிரித்தாள். தன் அம்மா கட்டிக்கொடுத்த பனிட்சா என்ற பாலாடைக்கட்டி அடையைப் பிய்த்து அவன் வாயில் ஊட்டினாள். ஸ்பாஸ் கண்ணாடியில் ஒருமுறை பலகையைப் பார்த்தார்.

கம்பியில் தொங்கியபடி மலையேறும் நாற்காலிகளுக்கான வரிசையில் கூட்டம் நெருக்கியது. லச்செசார் பயத்தில் யாரையும் கவனிக்காமல், பலகையைக் கீழே போட்டு, இரண்டு பூட்ஸையும் கால்பிடியில் இறுகப் பூட்டினான். வரிசை நகர்ந்தது. அவனால் நகர முடியவில்லை. குதித்தான். இன்னொரு குதி. பக்கத்திலிருந்த பெண்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் கண்டான்: பலகைக்காரர்கள் எல்லாரும் ஒற்றைக் காலை மட்டும் பூட்டி, மறு காலால் தள்ளித் தள்ளிப் போனார்கள். அவசரமாகக் குனிந்து பின்காலை அவிழ்த்தான். பிலியானா முன்னால் போய் வேறு யாரோடோ நாற்காலியில் ஏறிவிட்டிருந்தாள். பார்த்திருக்க மாட்டாள். ஸ்பாஸ்?

ஸ்பாஸ் இரண்டு காலிலும் ஸ்கீப் பட்டைகளை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். "வா, நாம சேர்ந்து போவோம்" என்றார்.

நாற்காலி வந்து முழங்காலுக்குப் பின்னால் இடித்து இருவரையும் அள்ளிக்கொண்டு கிளம்பியது. மரங்கள் கீழே போயின. வலது காலில் கறுப்புப் பலகை இரும்புக் குண்டுபோலத் தொங்கியது. மேலே போய் இறங்க வேண்டும். இறங்கிய பிறகு சரிவு. அவனால் அதற்குமேல் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பாதி வழியில் காற்று ஊளையிட்டது. நாற்காலி மெதுவானது. பிறகு நின்றே போனது. முன்னும் பின்னும் ஊஞ்சலாக ஆடியது. கீழே ஒரு பள்ளத்தாக்கு. மூன்று மாடி ஆழம் இருக்கும்.

லச்செசார் நிமிர்ந்து கம்பியைப் பார்த்தான். பழக்கத்தால் காது கூர்மையானது. திரும்பியவன் திடுக்கிட்டான். ஸ்பாஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இரண்டு கையாலும் குறுக்குக் கம்பியைப் பிடித்திருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன.

"மாமா? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல." பல்லைக் கடித்தபடி பேசினார். "எனக்கு இந்த நாற்காலி ஆகாது. பன்னெண்டு வருஷமா ஏறினதில்ல. நடந்தே ஏறுவேன். வீட்டுல யாருக்கும் தெரியாது."

"என்ன ஆச்சு?"

"வேறொரு மலையில இதே மாதிரி நின்னு போச்சு. ஏழு பேரக் கயிறு கட்டி இறக்கினேன். கடைசிப் பொண்ணு பயத்துல கயிறை விட்டுட்டா. பொழைச்சுக்கிட்டா. ஆனா அவ விழுந்த சத்தம் இருக்கே…"

நாற்காலி மறுபடி ஆடியது. அவர் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. லச்செசார் தன் பயத்தைச் சற்று மறந்தான்.

"மாமா, கண்ணைத் தொறக்க வேண்டாம். நான் சொல்றத மட்டும் கேளுங்க. இது பழுதாகி நிக்கல. பழுதுன்னா வெடுக்குன்னு நின்னிருக்கும், நாம முன்னாடி தூக்கி எறிஞ்ச மாதிரி ஆடியிருப்போம். இது மெதுவா நின்னுச்சு. காத்துக்காக அவங்களே நிறுத்தியிருக்காங்க. மேல இருக்கிற கம்பி நம்மள மாதிரி எத்தனையோ மடங்கு எடையைத் தாங்கும். மோட்டார் நின்னாலும் டீசல் இன்ஜின் இருக்கும், மெதுவா இழுத்துரும். எனக்கு இதுதான் மாமா வேலை. கயித்துல தொங்குற எதையும் நான் சும்மா நம்ப மாட்டேன். இத நம்புறேன்."

"நெசமா சொல்றியா?"

"நெசமா."

ஸ்பாஸ் ஒரு கண்ணைத் திறந்தார். அவர் விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன. 'நெசமா' என்ற சொல் லச்செசாரின் வாயில் கசந்தது. இந்த மனிதர் தன் சொல்லை நம்பித்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார்.

"மாமா, எனக்கு ஸ்னோபோர்டு ஓட்டத் தெரியாது. ஒரு நாள்கூட ஓட்டினதில்ல. இத முந்தாநாள்தான் வாங்கினேன்."

"தெரியும்."

"எப்படி?"

"ரெண்டு காலையும் கட்டிக்கிட்டு வரிசையில தவளை மாதிரி குதிச்சியே, அப்பவே தெரியும். கார்லயே சந்தேகம்தான். கீறல் எல்லாம் இடது கால்காரன் கீறல், கால்பிடி மட்டும் வலது கால்காரனுக்கு."

"அப்புறம் எதுக்கு என்னை மேல கூட்டிட்டு வந்தீங்க?"

"தனியா உட்கார்ந்தா நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லலைன்னா இதே நாற்காலியில திருப்பிக் கீழ அனுப்பியிருப்பேன். அப்புறம் எங்க வீட்டுப் பக்கமே வர விட்டிருக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "இந்தச் சனியன் பாதியில நிக்கும்னு எனக்கென்ன தெரியும்?" என்றார்.

நாற்காலி ஒரு குலுங்கலோடு நகர்ந்தது.

மேலே இறங்கும்போது பலகை பனியைத் தொட்டதும் லச்செசார் குப்புற விழுந்தான். ஸ்பாஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தான். லிப்ட்காரன் கத்தினான். பிலியானா சிரித்துக்கொண்டே சறுக்கி வந்தாள். "என்ன லாச்சோ, ஏழு வருஷம் ஓட்டினவன் இப்படியா இறங்குவான்?"

அவன் எழுந்திருக்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான். நவம்பரில் சொன்னது, அம்மா வீட்டுக் கதை, பஸ், கறுப்புப் பலகை, எல்லாம். ஸ்பாஸ் ஸ்கீயிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பிலியானா இன்னும் சிரிப்பாள் என்று அவன் நினைத்தான். அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு மாசம்" என்றாள். "நான் என் கூட்டாளிங்ககிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். சரி, அது போகட்டும். இந்தச் சரிவுல இறங்கி உன் கழுத்து முறிஞ்சிருந்தா, உன்னத் தூக்க எங்கப்பாதானேடா வந்திருக்கணும்?"

"நான்…"

"பேசாத. ஒண்ணும் பேசாத."

திரும்பி, சரிவில் பாய்ந்து, பைன் மரங்களுக்குள் மறைந்துவிட்டாள். லச்செசார் நாற்காலியில் தனியாகக் கீழே இறங்கினான். மேலே ஏறி வருகிறவர்கள் எல்லாம் எதிரே கடந்து போகும்போது அவனையும் அவன் பலகையையும் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அடிவாரச் சாப்பாட்டுக் கடையில் பீன்ஸ் சூப் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சூப்பின் மேல் ஆடை படிந்தது. ஒரு மணி நேரம் ஆனது. பிறகு இன்னொரு மணி நேரம். தன்னை விட்டுவிட்டு இருவரும் காரை எடுத்துப் போய்விட்டிருப்பார்களோ என்று எழுந்து போய் இரண்டு முறை வண்டி நிறுத்துமிடத்தை எட்டிப் பார்த்தான். கார் நின்றது.

பிலியானா வந்து எதிரில் உட்கார்ந்தபோது கன்னம் குளிரில் சிவந்திருந்தது.

"வேற என்னெல்லாம் பொய் சொல்லியிருக்க?"

அவன் உடனே இல்லை என்று சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்தான். அந்த யோசனை நீள நீள அவள் முகம் இறுகியது.

"போன மாசம் உன் பிறந்தநாளுக்கு லேட்டா வந்தேனே, வேலை இருந்துச்சுன்னு சொன்னேன். வேலை இல்ல. உங்க அப்பா மறுபடி பனி பத்திக் கேப்பாரோன்னு பயந்து தெருமுனையில நின்னுட்டிருந்தேன். அவ்வளவுதான். வேற இல்ல."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

"குளிர்லயா?"

"ஆமா."

அவள் அவனுடைய கரண்டியை எடுத்து ஆறிய சூப்பை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"நம்புறேன்னு சொல்லல" என்றாள். "எழுந்திரு. அந்தக் கறுப்பை கார்ல போடு. வாடகைக்கு விடுற இடத்துல உனக்குத் தகுந்தது ஒண்ணு எடுக்கலாம். தேர்ந்தெடுக்கும்போது நீ வாயைத் திறக்கக் கூடாது. அவங்க கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு."

வாடகைப் பலகை சாம்பல் நிறம். முதுகில் பெரிதாக முப்பத்தேழு என்று எழுதியிருந்தது. மோவாய் வரைதான் வந்தது. நாற்பத்தாறு பூட்ஸ் அதன் அகலத்துக்குள் அடங்கியது. "எத்தனை வருஷம் அனுபவம்?" என்று கேட்ட ஆளிடம் லச்செசார், "இல்ல. இன்னிக்குத்தான்" என்றான். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார்.

குழந்தைகள் சறுக்கிப் பழகும் மேட்டில் ஐந்து வயது வாண்டுகள் அவனைச் சுற்றிக்கொண்டு சறுக்கின. அவன் விழுந்தான். எழுந்தான். மணிக்கட்டு வலித்தது, பின்புறம் ஈரமானது. மூன்று மணி வாக்கில், பலகையின் ஓரத்தில் சாய்ந்து நிற்பது எப்படி என்று கால் ஒருவழியாகக் கண்டுகொண்டது. மேட்டின் அடியில் பிலியானா ஸ்கீக் கம்புகளை ஊன்றிக்கொண்டு நின்றாள். சற்றுத் தள்ளி ஸ்பாஸ் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பலகை நழுவத் தொடங்கியது. பத்து அடி. இருபது அடி. நிறுத்துவது எப்படி என்பது அவனுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. நேராக அவளை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தான்.

"நகரு!" என்று கத்தினான். "எனக்கு நிறுத்தத் தெரியாது!"

அவள் கையை நீட்டவில்லை. அவன் வந்து மோதினாலும் சரி என்று கம்புகளை இன்னும் ஆழமாக ஊன்றி, நின்ற இடத்தைவிட்டு நகரவும் இல்லை.