போக மட்டும் டிக்கெட்

பக்கத்துக் கோவல் குடும்பத்தின் வீட்டு முன்புறத்தை ஒருவன் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்ததை முதலில் பார்த்தது நான்தான். தற்செயலாகத்தான் பார்த்தேன். என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது. திரைச்சீலையை எவ்வளவு விலக்குவது என்பது என் சொந்த விஷயம்.

அவனோடு நின்றவள் டாரியா, அந்த வீட்டுப் பெண். எங்கள் வினிபெக் நகரின் அடுத்த கோடியில் குடியிருப்பவள். வியாழக்கிழமையாகப் பார்த்து வந்திருந்தாள். வியாழக்கிழமைகளில் அவளுடைய அம்மா ஒரிஸ்யா சர்ச்சின் அடித்தளத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து விற்பனைக்குப் பிரோகி என்ற உக்ரைன் கொழுக்கட்டை பிடிப்பாள். அப்பா போக்தான் மாவு மூட்டை தூக்குவார். முழங்கால் வலி என்று நான் அன்றைக்கு மட்டம் போட்டிருந்தேன். டாரியாவுக்கு அது தெரியாது, பாவம்.

முழங்கால் சரியாகிவிட்டது. அரை மணி நேரத்தில் சர்ச்சில் இருந்தேன்.

“வீட்ட விக்கப் பாக்குறாங்க ஒரிஸ்யா. புரோக்கர் வந்து அளக்குறான்” என்றேன்.

ஒரிஸ்யா கையிலிருந்த பிரோகியின் ஓரத்தை அழுத்தி மூடினாள். “சரியா அளந்தானா?”

“உனக்கு வேடிக்கையா இருக்கா?”

“அப்ப அந்த ரயில் இதுக்குத்தான்” என்றாள். அடுத்த மாவு வட்டத்தை எடுத்தாள்.

ரயில் பேச்சு ஒரு மாதமாக நடந்துகொண்டிருந்தது. திருமணம் ஆகி நாற்பத்தெட்டு வருடமாகியும் ராக்கி மலையைப் பார்க்காத அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகளின் பரிசு. செப்டம்பர் கடைசியில் வினிபெக்கிலிருந்து வான்கூவர். அங்கே மகன் மார்க்கியான் இருக்கிறான், ஐந்து வருடமாக ஊர்ப்பக்கம் எட்டிப்பார்க்காத பெரிய மனிதன்.

ஞாயிற்றுக்கிழமை டாரியா கசகசா ரொட்டியும் பயணத் திட்டமும் கொண்டுவந்தாள். அதே நேரத்தில் ஒரிஸ்யாவின் பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது எனக்கு நினைவுக்கு வந்தது. போன் மேசையில் சாய்ந்து நின்றது. அதற்குள்ளிருந்து மார்க்கியான் சிரித்தான்.

“மூணு ராத்திரிம்மா. உங்களுக்குன்னு தனி அறை. கண்ணாடிக் கூரை போட்ட பெட்டி ஒண்ணு இருக்கு, அதுல உக்காந்தா மலை தலைக்கு மேல வரைக்கும் தெரியும். சாப்பாடெல்லாம் டிக்கெட்லயே சேத்தி” என்றாள் டாரியா.

போக்தான் முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வேறு யாராவது ஓட்டினால் அவருக்கு உட்காரத் தெரியாது.

“ஓட்டுறது யாரு?”

“அப்பா, அது ரயில்.”

“அதான் கேக்குறேன். எத்தன வருஷ சர்வீஸ்?”

“உங்கள ஓட்டச் சொல்லமாட்டாங்க, பயப்படாதீங்க” என்றது போன்.

“ஒரே ஒரு சங்கடம்மா. ஒண்ணு கீழ் பெர்த், ஒண்ணு மேல் பெர்த். ஏணி இருக்கு, ஆனா...”

“நான் ஏறுறேன்” என்றாள் ஒரிஸ்யா. “எழுபத்தாறு வயசுதானே ஆகுது.”

இப்படியே போயிற்று. கம்பளிச் சட்டை எடுத்துக்கொள் என்றார்கள், சரி என்றாள். புதுப் பெட்டி வாங்கு என்றார்கள், சரி. மாத்திரையைக் கைப்பையில் வை என்றார்கள், சரி. எனக்கு ஆத்திரமாக வந்தது. அளவெடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாளா? ரொட்டியில் அடுத்த துண்டு வெட்டிக் கொடுக்கிறாள்!

பிறகுதான் எனக்கு உறைத்தது. குளிர்காலத்தில் நாங்கள் கர்லிங் ஆடுகிறோம். பனிக்கட்டித் தரையில் கனமான கல்லைத் தள்ளிவிடும் ஆட்டம். ஒரிஸ்யா எங்கள் கேப்டன். கடைசிக் கல் தள்ளுபவருக்குத்தான் அனுகூலம். ஒரு சுற்றில் யாருமே புள்ளி எடுக்காவிட்டால், அந்தச் சுற்றில் கடைசிக் கல் வைத்திருந்தவருக்கே அடுத்த சுற்றிலும் கடைசிக் கல். அதனால் கைக்கெட்டும் புள்ளியை வேண்டுமென்றே விட்டுவிடுவாள். எதிரணி முகம் மலரும். அவளும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள். ஆட்டம் முடியும்போது யார் சிரிக்கிறார்கள் என்பதை நான் பத்து வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இந்தச் ‘சரி’யெல்லாமும் அப்படித்தான்.

சரி, நாமும் ஒரு கை கொடுப்போம் என்று கேட்டேன். “திரும்பி எப்ப வராங்க டாரியா?”

டாரியா ரொட்டித் தூளைத் தட்டினாள். “அது இன்னும் போடல ஆன்ட்டி. குளிர்காலம் முழுக்க மார்க் வீட்ல இருந்து பாக்கட்டுமே. பிடிச்சுப்போனா...”

“பிடிச்சுப்போனா?” என்றாள் ஒரிஸ்யா.

“இங்க பனி, அங்க மழைதாம்மா” என்றான் மார்க்கியான். சிரிப்பு போயிருந்தது. “போன ஜனவரில அப்பா படில வழுக்கி விழுந்து எவ்வளவு நேரம் கெடந்தாரு? லோர்னா ஆன்ட்டி ஜன்னல்ல இல்லேன்னா என்ன ஆயிருக்கும்?”

அது உண்மை, பார்த்து ஓடியது நான்தான். இந்த வீட்டுப் பிள்ளைகள் கெட்டவர்களாக இருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். போக்தான் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரிஸ்யா கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

“போற டிக்கெட் உங்க பரிசு. ரொம்ப சந்தோஷம். வர்ற டிக்கெட்ட வியாழக்கிழமையே போட்டுட்டேன். அங்க ரெண்டு வாரம், அப்புறம் ரயிலு. மூணு பேருக்கு.”

“மூணு பேரா?”

“நீயும் வர்ற மார்க். நீயும் அப்பாவும் ஒரு அறை. எனக்குத் தனியா ஒண்ணு. அவரு குறட்டைய நாப்பத்தெட்டு வருஷம் கேட்டாச்சு, இப்ப உன் முறை.”

“அம்மா, எனக்கு வேலை இருக்கு!”

“வீட்ட விக்கணும்னா அப்பா முகத்தப் பாத்துச் சொல்லு. வழியில பாதி தூரம் போன் எடுக்காது, தோதா இருக்கும். வந்து அந்தப் படியையும் பாரு. முன்பின் தெரியாதவன் நாடா கொண்டுவந்து பாத்துட்டுப் போறான், நீ பாக்கக்கூடாதா?”

டாரியா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். எனக்குக் கசகசா ரொட்டியில் திடீரென்று அக்கறை பிறந்தது.

“வர மாட்டேன்னா இப்பவே சொல்லு” என்றாள் ஒரிஸ்யா. “நாங்க இங்கயே இருந்துக்குறோம். மலை எங்கயும் போயிடாது.”

போனுக்குள் மார்க்கியான் தலையைச் சொறிந்தான். பிறகு, “மேல் பெர்த் யாருக்கு?” என்றான்.

“உனக்குத்தான்” என்றார் போக்தான். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

அக்டோபரில் அவர்களை அழைத்துவர நானே ஸ்டேஷனுக்குப் போனேன். முதல் ஆளாகத் தெரிந்துகொள்ள வேண்டாமா? சரக்கு வண்டிகளுக்கெல்லாம் வழி விட்டுவிட்டு, முந்தின ராத்திரி வரவேண்டிய ரயில் காலையில் வந்தது. ஒரிஸ்யா மாப்பிள்ளை வீட்டு விருந்துக்குப் போய்வந்தவள்போல இறங்கினாள். போக்தான், “டிரைவர குத்தம் சொல்ல முடியாது, வளைவுல நல்லா நிதானிச்சான்” என்றார். கடைசியாக இறங்கிய மார்க்கியானின் கண்கள் தக்காளிபோலச் சிவந்திருந்தன.

“தூங்கினியாப்பா?”

“அவரு எங்க தூங்கவிட்டாரு ஆன்ட்டி? முழிச்சிருந்தா பேச்சு, தூங்கினா குறட்டை.” பெட்டியைக் காரில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “இந்தப் பக்கம் பனி அள்ள மாசச் சம்பளத்துக்கு ஆள் கிடைப்பாங்களா?”

“என்னயா கேக்குற?” என்றேன். யார் கிடைப்பான், யார் சோம்பேறி, யார் வீட்டில் என்ன தகராறு என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

“லோர்னா, சனிக்கிழமை மொத ஆட்டம். முழங்கால் வலி கிழங்கால் வலின்னு வந்து நிக்காத” என்றாள் முன்சீட்டிலிருந்து ஒரிஸ்யா.

மறுவாரம் கோவல் வீட்டுக்கு நாடாவோடு வேறொருவன் வந்தான். வாசல் படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. மார்க்கியான் பக்கத்தில் நின்று நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தான். என் ஜன்னலிலிருந்து பார்த்தவரையில், சரியாகத்தான் அளந்தார்கள்.