திரை இல்லாத கம்ப்யூட்டர்

செல்வம் எதைப் பார்த்தாலும் முதலில் எத்தனை கிலோ தேறும் என்றுதான் பார்ப்பான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பதினெட்டு வருஷம் எடை போட்டவனுக்கு வேறென்ன தோன்றும்? அவன் மனைவி தேவகிருபைக்கோ கம்ப்யூட்டர் பைத்தியம். திருவொற்றியூர் வீட்டின் முன் அறையில் நாலு கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்தினாள். நடத்தினாள் என்பதெல்லாம் ஒரு மரியாதைக்கு. இருந்த ஒரே டெலிபோன் லைனில் ஒன்றுக்குத்தான் நெட் வரும். மற்ற மூன்றும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன.

அந்த அறை மேல் செல்வத்தின் சிநேகிதன் சுப்புராஜுக்கு ஒரு கண். கம்பி அடுக்க குடோன் வேண்டுமாம்.

"பிளஸ் டூ ரிசல்ட்டு வரைக்கும் டைம் குடுயா," என்றாள் தேவகிருபை. "அன்னிக்கு நாலு சிஸ்டத்துலயும் நெட்டு வரலன்னா, ரூமை அந்தாளுக்கே குட்த்துத் தொலை."

யாரோ கழித்துப் போட்ட பழைய பென்டியம் கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். நாலுக்கும் நெட்டைப் பங்கு போட்டுக் கொடுக்க அதுதான் சர்வராம். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை வைத்து அதில் லினக்ஸ் ஏற்ற உட்கார்ந்தாள். மெமரி பதினாறே எம்.பி. அது என்னத்தைக் கிழிக்கும்? படம் காட்டி இன்ஸ்டால் பண்ணப் போய் மூச்சுத் திணறி நின்றது. வெறும் எழுத்தில் ஆரம்பித்தாள். மூன்று தடவை பாதியில் படுத்துக்கொண்டது. அவளும் விடுவேனா என்று ஒரு பகல் முழுக்கப் போராடினாள். நாலாவது தடவை எழுந்து உட்கார்ந்தது; நாலு கம்ப்யூட்டரிலும் நெட் வந்தது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பைக் கல்யாணத்தன்றுகூட செல்வம் பார்த்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

சர்வருக்கு இனிமேல் திரையும் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம் என்று அவள் இரண்டையும் கழற்றிவிட்டு, பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளினாள். ராத்திரியில் அதை அணைத்து வைப்பாள். அப்போது செல்வம் வேலைக்குப் போயிருந்தான்.

ரிசல்ட் நாளும் வந்தது. பத்து மணிக்கு ஜனம் வருமே, கடை கலீஜாக இருக்கக் கூடாதே என்று எட்டு மணிக்கே செல்வம் நல்ல மனசோடு துடைப்பத்தை எடுத்தான். மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி. திரை இல்லை, கீபோர்டு இல்லை, விளக்கும் எரியவில்லை. செத்த பீஸ்! எட்டு கிலோ தேறும். தெருவில் சாமான் ஏற்றிப் போன மீன்பாடி வண்டியைக் கூப்பிட்டு, மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டான்.

தேவகிருபை குளித்துவிட்டு வந்தாள். "யோவ், டேபிளுக்கு அடில இருந்த சர்வர் எங்கயா?"

"எது, அந்த செத்த பீஸா? மார்க்கெட்டுக்குப் போய்ட்ச்சே."

அவள் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

டிவிஎஸ் ஃபிப்டியை முறுக்கிக்கொண்டு பறந்தான். மார்க்கெட்டில் சாமான் பிரிக்கும் முத்தம்மா உளியோடு பெட்டி முன்னால் குந்தியிருந்தாள்.

"கை வைக்காத முத்தம்மா! அது உசுரோட கீது!"

"இன்னா நைனா நீ? மூடியும் உள்ள இருந்த குட்டி ஃபேனும் அப்பவே லாரி ஏறிட்ச்சே!"

மிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தபோது மணி ஒன்பதே முக்கால். வாசலில் தெருவே நின்றது. தேவகிருபை வயர்களைச் சொருகி ஆன் செய்தாள். ஓடியது. ஐந்தே நிமிஷத்தில் நின்றது.

"சூடு தாங்கல. காத்து இல்லாம இது ஓடாதுயா," என்றாள்.

வீட்டில் இருந்ததோ கூரையில் தொங்கும் ஃபேன் ஒன்றுதான். செல்வம் ஒரு அட்டையைக் கிழித்து எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்தான். விசிறினான். சர்வர் எழுந்தது, அப்புறம் நிற்கவில்லை.

பத்து மணிக்கு நாலு திரையிலும் ரிசல்ட் வந்தது. யாரோ விசிலடித்தார்கள். பாஸான பெண்ணின் அம்மா ஒருத்தி தேவகிருபையைக் கட்டிக்கொண்டு அழுதாள். மேஜைக்கு அடியில் சட்டை நனைந்து, கை கழன்றுவிடும்போல வலித்தும், செல்வத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பதினொரு மணிக்கு சுப்புராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். குனிந்து பார்த்தான்.

"இன்னா மச்சான், இங்க பூந்துகினு கீற? ரூமு எப்ப காலியாவும்?"

செல்வம் விசிறுவதை நிறுத்தவில்லை.

"தள்ளி நில்லுடா டேய். சர்வருக்குக் காத்து மறைக்குது."