சூட்டுக்கோல் சிவக்கும் நேரம்

என் கன்று உதைத்தது. சுருதியின் கன்று உதைக்கவில்லை. அன்றைக்கும் அதேதான்.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் இருக்கும் எங்கள் பண்ணையில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. கன்றுக்குக் கொம்பு முளைக்கும் இடத்தைச் சுடுவதற்கு முன்னால், மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி போடுவோம். அதைப் போட்ட பிறகும் கன்றுக்கு எவ்வளவு வலி தெரிகிறது என்பதுதான் டாக்டர் ஜீவகுமாரின் கேள்வி. நானும் சுருதியும் ஆளுக்கொரு கன்றாகச் சுட, சூட்டுக்கோல் சிவந்த பிறகு அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து தலை உதறலையும் கால் உதையையும் எண்ணி எழுதுவார். என் பக்கம் பேனா ஓடிக்கொண்டே இருக்கும். அவள் பக்கம் சும்மா இருக்கும்.

"சுருதி கை ராசியான கைங்க" என்றார் ஒருநாள். படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? பதினேழு வருஷமாக இதே கொட்டகையில் கன்று பிடிக்கிறேன். வந்து நாலு மாசம் ஆன பெண்ணுக்கு ராசிக் கை, எனக்கு மரக்கையா? பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிற சமண நயினார் வீட்டுப் பெண் என்பதற்காக அவளை ஐந்து மணி பஸ்ஸுக்கு அனுப்பிவிடுவார். நான் அரை மணி பர்மிஷன் கேட்டால் காரணம் கேட்பார். வயிறு எரிந்தது. மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த கட்ட ஆராய்ச்சிக்கு ஊசி போட ஒரே ஆள் போதுமாம். இன்னொருவர் தீவனக் கொட்டகைக்குப் போகவேண்டும். யார் என்பதை வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருந்தார் டாக்டர்.

ஆளுக்கொரு மருந்து பாட்டில். என்னுடையதில் சிவப்பு டேப், அவளுடையதில் நீல டேப். ரெண்டும் ஒரே மருந்துதான் என்பார் டாக்டர். நான் நம்பவில்லை. புதன்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் மாட்டி, சுருதி வரத் தாமதம். ஃபிரிட்ஜைத் திறந்து டேப்புகளைப் பிரித்து மாற்றி ஒட்டினேன்.  

அன்றும் என் கன்று உதைத்தது. என் பழைய பாட்டில் மருந்தைப் போட்டுக்கொண்டு அவள் கன்று அசையாமல் நின்றது.

அப்புறம்தான் அவளை ஒழுங்காகக் கவனித்தேன். ஊசி போட்டாள். வாட்ச்சைப் பார்த்தாள். கன்றின் தாடையைச் சொறிந்துகொண்டு சும்மா நின்றாள். பத்து நிமிஷம் கழித்து ஊசி முனையால் கொம்புக் குருத்தைச் சுற்றிக் குத்திப் பார்த்தாள். காதுகூட அசையவில்லை. அதற்கப்புறம்தான் சூட்டுக்கோலின் சுவிட்சைப் போட்டாள்.

நான் ஊசி போட்ட கையோடு சுவிட்சைப் போடுவேன். அப்படித்தான் பழக்கம். கரி அடுப்பு இருந்த காலத்தில் ஊசி போட்டுவிட்டுக் கோலை நெருப்பில் செருகுவோம். அது சிவக்கக் கால் மணி நேரம் ஆகும். சிவந்தால் சுடு, அவ்வளவுதான் பாடம். கோலே எனக்காகக் காத்திருந்திருக்கிறது. கரண்ட் கோல் மூன்று நிமிஷத்தில் சிவந்துவிடும். அது வந்து எட்டு மாசம். இந்த எட்டு மாசத்தில் என் கையில் வந்த கன்றுகளெல்லாம் மரக்காமலே சூடு பட்டிருக்கின்றன.

டாக்டரிடம் சொன்னால் வேலை அவளுக்கு. சொல்லாமல் இனிமேல் காத்திருந்தால் எனக்கும் கிடைக்கலாம். அப்போது அந்தக் கன்றுகளின் உதையெல்லாம் மருந்தின் குற்றமாகவே அவர் தாளில் நிற்கும்.

வெள்ளிக்கிழமை, கடைசிக் கன்று என்னுடையது. ஊசி போட்டேன். பழகிய கை சுவிட்சையும் போட்டுவிட்டது. கோல் சிவந்தது. டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"என்ன சகாதேவன், சிவந்துடுச்சே? வைங்க."

"இன்னும் மரத்திருக்காது சார்."

"இத்தினி நாளா அப்படித்தானே வெச்சீங்க?"

"ஆமா சார். அப்படித்தான் வெச்சேன்."

அவர் பேனா நின்றது. தாளை முதல் பக்கத்துக்குத் திருப்ப ஆரம்பித்தார். என் பெயர் இருந்த இடங்களிலெல்லாம் விரல் நின்று நின்று போனது.

சுருதி கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி, என் பக்கம் முள் தெரிய, கம்பித் தடுப்பின் மேல் வைத்தாள்.

"ஏழு நிமிஷம் இருக்குதுண்ணா."

நான் ஊசி போட்ட நேரத்தைக்கூட அவள் பார்த்து வைத்திருக்கிறாள். அப்போதும் எனக்கு எரிந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். கோலின் சிவப்பு மெல்ல மெல்லக் கறுத்தது. கன்று ஒன்றும் தெரியாமல் என் சட்டை நுனியை வாயில் இழுத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அதன் தாடையைச் சொறிந்தபடி, அவளுடைய வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.