குளியலறைச் சுவரில் ஒரு கோடு

குளியலறையைப் புதுப்பிக்க மேஸ்திரி கொடுத்த கொட்டேஷன் மற்ற இரண்டையும் விடக் குறைவாக இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, அவளுடைய ஒரு மாதச் சம்பளம் அளவுக்குக் குறைவு. வேறு யாராக இருந்தாலும் வாயெல்லாம் பல்லாக முன்பணத்தை எடுத்து நீட்டியிருப்பார்கள். அவளுக்கோ அங்கேதான் சந்தேகம் தட்டியது.

"கூடக் கேட்டா கொள்ளைங்கற. கம்மியா கேட்டா அதுக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கற. அந்த மனுஷன் என்னதான் பண்ணுவாரு?" என்றார் கணவர்.

"ஏன் கம்மின்னு சொல்லட்டும்."

"தம்பிக்குத் தெரிஞ்சவரு. அதான்."

"உங்க தம்பிக்குத் தெரிஞ்சவங்க யாரும் இதுவரைக்கும் நமக்கு ஒரு ஆணியைக்கூடச் சும்மா குடுத்ததில்லையே."

கணவர் சிரித்து மழுப்பினார். அந்தச் சிரிப்பையும் அவள் குறித்துக்கொண்டாள்.

அவள் வேலை அப்படி. அலுவலகத்தில் ஊழியர்கள் வெளியூர் போய்வந்து கொடுக்கும் பயணப்படி பில்களைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். உள்ளூர ஒரு பெருமையும் உண்டு. கூட்டி எழுதுகிறவர்களைப் பற்றி அவள் அலட்டிக்கொள்வதில்லை. வண்டி வாடகையைக் கொஞ்சம் ஏற்றிப் போடுவது மனித சுபாவம், வெட்டினால் முனகிவிட்டுப் போய்விடுவார்கள். குறைத்து எழுதுகிறவன்தான் அவளை உறுத்துவான். ஒருமுறை ஒருவர் வெளியூர் வேலைக்குச் சாப்பாட்டுச் செலவே போடாமல் பில் கொடுத்தார். தங்கமான மனிதர் என்று மேலதிகாரியே பாராட்டினார். அவள் தோண்டிப் பார்த்தாள். தங்கம் அந்த ஊருக்கே போகவில்லை, மாமியார் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

குளியலறைக்கு அவள் சேர்த்த பணம் பல வருடத்துச் சிக்கனம். தரை ஓட்டை விழுந்து, சுவர் ஓரமெல்லாம் பாசி பிடித்து, கதவு அடியில் உப்பி, ஒவ்வொரு முறையும் 'அடுத்த வருஷம்' என்று தள்ளிப்போட்ட அறை அது. புது அறையில் அவள் தனக்காகக் கேட்டது ஒன்றே ஒன்று: ஷவருக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. குளித்துவிட்டு வெளியே வந்து ஈரமில்லாத தரையில் நிற்க வேண்டும். இத்தனை நாள் குளிப்பவர்கள் எல்லோருக்கும் பின்னால் துடைப்பத்தோடு போய்த் தண்ணீர் தள்ளியவளுக்கு அது ஒரு சின்ன ராஜ்ஜியம்.

சனிக்கிழமை டைல்ஸ் கடைக்குப் போனாள். கொட்டேஷனில் இருந்த டைல்ஸின் விலை சரியாக இருந்தது. குழாய்க் கடையிலும் சரி. தண்ணீர் கசியாமல் அடிக்கும் பூச்சுக்குக்கூட மேஸ்திரி நல்ல சரக்கைத்தான் போட்டிருந்தார். எல்லாம் சரியாக இருக்க இருக்க அவளுக்கு எரிச்சல் ஏறியது. கடைசியில் ஒரே இடம் மிஞ்சியது. கூலி. மற்ற இரண்டு பேரும் கேட்டதில் பாதிதான் இவருடைய கூலி.

கூலி குறைவு என்று சொல்லி மறுக்க முடியாமல் வேலையைக் கொடுத்தாள். முதல் நாளே, பழைய டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் முன்னால் போய் நின்றாள்.

"இந்தக் கூலியில உங்களுக்கு எப்படிக் கட்டுபடியாகுது?"

"எல்லாம் நம்ம வீட்டு வேலைதானேம்மா" என்றார் அவர், உளியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "சின்னவர் சொல்லிட்டாரு. அவரு பேச்சைத் தட்ட முடியுமா?"

சின்னவர் என்றால் அவள் கொழுந்தன். பேச்சு இனிக்கும், பர்ஸ் திறக்காது. அவர் பேச்சைத் தட்ட முடியாமல் ஒரு மேஸ்திரி பாதிக் கூலிக்கு வருகிறார் என்று யாராவது சொன்னால், அவளுக்குக் காது குத்தி முடித்து ரொம்ப நாளாகிறது.

அதன்பிறகு கணவரின் நடவடிக்கையும் மாறியது. கொத்துமல்லிக் கட்டுக்குக்கூடப் பேரம் பேசுகிறவர், குளியலறைக்கு மட்டும் புதுப்புதுச் செலவாகக் கொண்டுவந்தார். தரைக்கு வழுக்காத டைல்ஸ் வேண்டுமாம். கதவு உள்பக்கம் திறக்கக் கூடாதாம், வெளிப்பக்கம் திறக்க வேண்டுமாம்.

"இத்தனை வருஷமா உள்ளதானே தொறந்துது?"

"உள்ள யாராவது விழுந்துட்டா கதவு அடைச்சுக்கும். தொறக்க முடியாது."

"யாரு விழப்போறா?"

"பொதுவா சொன்னேன்."

"பொதுவா யாரு விழறா நம்ம வீட்டுல?"

அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அதன் பின்னாலிருந்து, "அந்தக் கண்ணாடித் தடுப்பும் வேணுமான்னு யோசிச்சுக்க. இடத்தை அடைக்கும்" என்று குரல் மட்டும் வந்தது.

கண்ணாடியைத் தொட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. ஒருவேளை இவருக்கு உடம்புக்கு ஏதாவதா? சொல்லாமல் மறைக்கிறாரா? இரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். படியேறும்போது மூச்சு வாங்குகிறதா என்று பின்னாலேயே ஏறினாள். சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருக்கிறதா என்று துழாவினாள். வேர்க்கடலைத் தோல்தான் இருந்தது. மனிதர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினார். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் நலமாக இருப்பதே இப்போது அவர் மீது இருந்த புகாரைக் கூட்டியது.

ஒரு பிற்பகல் அலுவலகத்தில் மின்சாரம் போய், அவள் சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். மேஸ்திரி வாசலில் மணல் சலித்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே குளியலறைக்குப் போனாள். சுவர்ப் பூச்சு முடிந்து காய்ந்திருந்தது, டைல்ஸ் இன்னும் ஏறவில்லை. ஷவர் வரப்போகும் பக்கத்துச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. அதன் இரு முனையிலும் திருகாணிக்கு இரண்டு புள்ளிகள். கைப்பிடிக் கம்பிக்கான இடம்.

கைப்பிடி எதுவும் அவள் கணக்கில் இல்லை.

கோட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். தோள் தூக்கிக்கொண்டது. அவளுக்கான உயரம் இல்லை. கணவருக்கு? அவர் அவளை விட ஒரு சாண்தான் கூடுதல். அவருக்கும் எட்டிப் பிடிக்க வேண்டிய உயரம். இந்தக் குடும்பத்தில் அவ்வளவு உயரமான ஆள் ஒருவர்தான் உண்டு. கொழுந்தன் வீட்டில் இருக்கும் மாமனார். கோட்டுக்குக் கொஞ்சம் மேலே சிமெண்ட் தூசியில் ஒரு பெரிய உள்ளங்கையின் தடம் லேசாகப் பதிந்திருந்தது.

அவள் வாசலுக்குப் போனாள். ஒருவரிடம் 'நடந்ததா' என்று கேட்டால் இல்லை என்பார். 'எப்போது நடந்தது' என்று கேட்க வேண்டும். அலுவலகத்தில் போட்டு வாங்குவதற்கு அவள் வைத்திருந்த வழி அது.

"மேஸ்திரி, மாமா எப்ப வந்துட்டுப் போனாரு?"

"முந்தாநாள் காலையிலம்மா. சின்னவர்தான் கார்ல கூட்டிட்டு வந்தாரு. கம்பின்னா ஆளை நிக்க வெச்சுத்தான் அளவு எடுக்கணும், குத்துமதிப்பா அடிச்சா அப்புறம் டைல்ஸ்ல ஓட்டை..." என்றவர், அவள் முகத்தைப் பார்த்துச் சல்லடையை நிறுத்தினார். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"மிச்சக் கூலி யாரு குடுக்கறா? சின்னவரா?"

மேஸ்திரி மறுபடி சல்லடையை எடுத்து ஆட்டத் தொடங்கினார். அதுவே பதில்.

"நான் சொல்றவரைக்கும் அந்தச் சுவரைத் தொடாதீங்க. ஒரு டைல்ஸ்கூட ஏறக் கூடாது."

உள்ளே வந்து, கவிழ்த்திருந்த வாளி மேல் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். அது உடனே வரவில்லை. வந்தது வேறொன்று. அண்ணனும் தம்பியும் எங்கேயோ உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அவள் வேண்டாம் என்பாள், எவ்வளவு குறைத்தால் வாயை மூடுவாள், வேலை எந்தக் கட்டத்துக்கு வந்தபின் சொன்னால் தப்ப முடியாது. குளியலறைக்கு மட்டும் அவர்கள் பட்ஜெட் போடவில்லை. அவளுக்கும் போட்டிருந்தார்கள். அதில் அவள் விலை பாதிக் கூலி.

சரி, கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாளா? அந்தக் கேள்வி வந்ததும் அவள் வாளி மேல் நெளிந்தாள். மாமனார் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். ஒருமுறை சில வாரங்கள் இங்கே வந்து தங்கியபோது வீட்டில் பாத்திரங்கள்கூட உயர வரிசையில் நின்றன. அவர் தொண்டையைச் செருமினால் விசில் ஊதியதுபோல் அவள் விறைத்துக்கொள்வாள். அவர் கிளம்பிப் போன அன்று கதவைச் சாத்திவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "அப்பாடா."

கணவர் மாலையில் குழாய்க் கடைப் பையோடு வந்தபோதும் அவள் அங்கேயே இருந்தாள். கோட்டைக் காட்டினாள். அவர் திருதிருவென்று விழித்தார்.

"தம்பி வீட்டுல பாத்ரூம் மாடியிலதானே இருக்கு. அப்பாவால ஏற முடியல. ரெண்டு தடவை படியிலயே உக்காந்துட்டாராம்."

"அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீ வேணாம்னு சொல்லிடுவேன்னு..."

"நான் வேணாம்னு சொன்னேனா?"

"சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கல." அவர் பையின் கைப்பிடியை முறுக்கினார். "அன்னிக்கு நீ அப்பாடான்னு சொன்னது எனக்குக் கேட்டுது."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாயை விட்டு வந்த ஒரு மூச்சு, அதை இத்தனை வருடமாக இந்த மனிதர் வட்டியோடு வளர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். அதே சமயம், கேட்டது தப்பு என்றும் அவளால் சொல்ல முடியவில்லை. அது உண்மையான அப்பாடாதான்.

கொழுந்தனைப் போனில் பிடித்தாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க..."

"எடுத்துக்கறதுக்கு நீங்க எதையும் என் கையில குடுக்கவே இல்லையே. மேஸ்திரிகிட்ட குடுத்ததைத் திருப்பி வாங்கிக்குங்க. முழுக் கூலியும் நான் குடுத்துக்கறேன்."

"எங்கப்பாவுக்குத்தானே அண்ணி? எனக்கும் கடமை இருக்குல்ல?"

"கடமைன்னா வாசல் வழியா வரணும். கொட்டேஷன் வழியா வரக் கூடாது. போனை மாமாகிட்ட குடுங்க."

அந்தப் பக்கம் கிசுகிசுப்பு. பிறகு அந்தப் பழைய செருமல். பழக்க தோஷத்தில் அவள் முதுகு நிமிர்ந்தது.

"கோவமா இருக்கியாம்மா?"

"அதை அப்புறம் பேசலாம் மாமா. மேஸ்திரி அளவு எடுக்கறப்ப எப்படி நின்னீங்க?"

"எப்படி நிப்பாங்க? நேரா நில்லுங்கன்னாரு. நின்னேன்."

"அங்கதான் தப்பு. கம்பி உசரமாப் போயிடுச்சு. நீங்க இப்பல்லாம் நேரா நடக்கறதில்ல."

பக்கத்தில் கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். டிரில் மாஸ்டரிடம் இதைச் சொல்ல இரண்டு மகன்களுக்கும் இதுவரை வாய் வந்ததில்லை.

மாமனார் கேட்டார்: "தெரியுதா?"

"போன மாசம் கல்யாணத்துல பாத்தேன். நாற்காலி நாற்காலியாப் புடிச்சுக்கிட்டுப் போனீங்க."

"யாரும் சொல்லலியே."

"மத்தவங்க சாப்பாட்டைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க மாமா."

சிரிப்பா இருமலா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம். அப்புறம், அவள் கேட்டேயிராத ஒரு தணிந்த குரலில் மாமனார் கேட்டார்: "நான் வரலாமாம்மா?"

கடைசியில் கேள்வி வந்துவிட்டது. கேட்க வேண்டியவர் கேட்காமல், கேட்கக் கூச வேண்டியவர் கேட்டுவிட்டார். அவள் தனக்குள் பதிலைத் தேடினாள். ஆமாம் என்று ஒன்று கிடைத்தது. அது பாதி இரக்கம், பாதி, தான் நல்லவள் என்று காட்டும் ஆசை. அப்படிப்பட்ட பில்லை அவள் பாஸ் செய்வதில்லை.

"ஞாயித்துக்கிழமை அளவெடுக்க வாங்க மாமா. உங்க இஷ்டப்படி நடந்து காட்டுங்க, விறைப்பா நிக்க வேணாம். அப்புறம் உக்காந்து பேசுவோம். என்னென்ன முடியும், என்னென்ன முடியாதுன்னு. எனக்கும் சொல்றதுக்கு இருக்கு."

"எனக்கும் இருக்கு" என்றார் அவர், கொஞ்சம் பழைய மிடுக்கோடு.

"இருக்கட்டும். வாங்க."

போனை வைத்ததும் கணவர், "அப்ப சரிங்கறியா?" என்று மெல்ல இழுத்தார்.

"உங்ககிட்ட நான் எதுவும் சொல்லல. நீங்களும்தான் எதுவும் கேக்கலையே."

காப்பி குடித்துவிட்டுக் கணக்கை மறுபடி போட்டாள். முழுக் கூலி, வழுக்காத தரை, வெளியே திறக்கும் கதவு, கம்பி. எல்லாம் சேர்ந்தபின் கண்ணாடித் தடுப்புக்குக் காசு போதவில்லை. அதை அடித்துவிடப் பேனா போனது. அடிக்கவில்லை. சந்தேகமான பில்களுக்குப் போடுவதுபோல் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாள். விட்டுக்கொடுத்தாள் என்று இந்த வீட்டில் யாரும் இன்னொரு பெயர் வைத்துவிடக் கூடாது.

பிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு குளியலறைக்குள் போனாள். முதுகைக் கொஞ்சம் வளைத்து, காலை இழுத்து இழுத்து, அந்தக் கல்யாணத்தில் பார்த்ததுபோல் சுவரோரமாக நடந்தாள். கை தானாகச் சுவரில் போய் ஊன்றியது. பென்சில் கோட்டுக்கு நன்றாகக் கீழே. நிமிர்ந்து நின்றாள். கை அங்கேயே இருந்தது, தோள் தூக்கவில்லை. அந்த உயரம் தனக்கும் வசதியாக இருப்பதை அவள் கவனித்தாள்.

அதையும் அவள் உடனே நம்பிவிடவில்லை.