பதினேழாம் எண்ணின் மூச்சு

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் தொடங்கியது. ஆய்வில் பங்கேற்றவர் இறந்துவிட்டால், அவருடைய ஸ்கேன் படங்களை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்று வீட்டில் ஒருவர் எழுதித் தர வேண்டும். இரண்டு கட்டங்கள், ஒரு கையெழுத்து. இன்று ஐந்து மணிக்குள். கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் அவன் இழுத்தடித்தது.

2

முதல் தொடக்கம்: ‘அவன் தூங்குபவர்களின் தொண்டைகளைப் படிப்பவன்.’ (பந்தா. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ‘அவள் குறட்டை விடுவாள் என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே...’ (அவள் படித்தால் கொன்றுவிடுவாள்.)

மூன்றாவது: அவன் பொறியாளர். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களின் ஸ்கேன் படங்களிலிருந்து எலும்பு, சதை, நாக்கு எல்லாவற்றையும் கணினியில் நீக்குவான். காற்று போகும் வழி மட்டும் மிஞ்சும். அதற்குள் கணக்கால் காற்றை ஓடவிட்டு, எங்கே திணறுகிறது என்று பார்ப்பான்.

இது இருக்கட்டும்.

3

அவன் மனைவி ஆய்வில் பதினேழாம் எண் ஆனது ஒரு சண்டையில்.

“நானா குறட்டை விடறேன்? பக்கத்து வீட்டு மோட்டாரா இருக்கும்.”

“மோட்டார் நடுவுல நின்னு நின்னு ஓடாது. எனக்குப் பயமா இருக்கும்மா.”

“சரி, உன் ஆபீஸ் மெஷின்லயே படுக்கறேன். ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு, ஒரு மாசம் பாத்திரம் கழுவறது நீ.”

ஸ்கேன் எடுப்பவர், “மூச்ச அடக்கிக்கோங்க” என்றார். சில நொடிகள். பிறகு, “விடுங்க.” அவள் மூச்சோடு சிரிப்பையும் சேர்த்து விட்டாள்.

நாக்கின் பின்னால் வழி நான்கு மில்லிமீட்டர்தான் இருந்தது. மூக்கில் மாட்டும் கருவி வாங்கினார்கள். குறட்டை நின்றது. அவனுக்குத் தூக்கம் வரவில்லை.*

* அந்தச் சத்தம் இல்லாமல் என்று எழுத வேண்டும். இப்போது எப்படித் தூங்குகிறான் என்று கேட்காதீர்கள்.

4

தூக்கத்தில்தான் போனாள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை. பட்டப்பகலில், சாலையைக் கடக்கும்போது, ஒரு லாரி. கதைக்குப் பொருந்தவில்லை, தெரியும். மாற்ற முடிந்தால் மாற்றியிருப்பேன்.

5

மூன்று மணிக்கு ஆய்வுக்கூடத் தலைவி வந்தார்.

“சாப்பிட்டியாப்பா?”

“ஆச்சு மேடம்.”

“யார்கிட்ட? டப்பாவத் தொறக்கவே இல்ல.” படிவத்தைப் பார்த்தார். “அழிச்சா ஆய்வு நின்னுடாது. வச்சாலும் யாரும் கேக்கமாட்டாங்க. ஆனா தினமும் நீ பதினேழையே ஓட்டிட்டிருக்கறது எனக்குத் தெரியும்.”

அவன் மூச்சு விடவில்லை.

(வேறெந்தக் கதையிலும் இந்த வரியை யோசிக்காமல் எழுதியிருப்பேன்.)

அவர் போன பிறகுதான் உறைத்தது. இந்த ஆய்வில் உள்மூச்சை மட்டுமே ஓட்டுகிறார்கள். தொண்டை ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் இழுக்கும்போதுதான் என்பதால், வெளிமூச்சைச் சீண்டுவதில்லை. அவள் போன இந்த எட்டு மாதமாக அவளை இழுக்க மட்டுமே வைத்திருக்கிறான். ஸ்கேனில் இருப்பதும் அடக்கிய மூச்சு. “விடுங்க” என்றது எந்தக் கோப்பிலும் இல்லை.

6

முடிவு அ: அழிக்கிறான். (பொய். விரல் போகாது.)

முடிவு ஆ: வைத்துக்கொள்கிறான். பதினேழாம் எண் யார் யாரையோ நிம்மதியாகத் தூங்க வைக்கிறது. (மேடத்துக்குப் பிடிக்கும்.)

முடிவு இ: ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, காற்றின் திசையை மாற்றுகிறான். தொண்டையிலிருந்து மூக்குக்கு. ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு அவன்

அவன் இல்லை. நான்.

திசையை மாற்றிவிட்டேன். படிவத்தில் இரண்டு கட்டமும் காலி. இதை ஓட்டிவிட்டால் எதில் குறியிடுவேன் என்று எனக்குத் தெரியும். ஓட்ட ஒரு சொல் வேண்டும். என் வாயில் அது வரவில்லை.

அன்றைக்கு ஸ்கேன் அறையில் அதைச் சொன்னவர் அவளுக்கு யாரோ. நீங்களும் யாரோதான்.

நீங்கள் சொல்லுங்கள்.