கிழவியின் கூண்டு

துணை எலி செத்து மூன்று வாரமாகியும் கிழவி சக்கரத்தில் ஏறவில்லை. கிழவி என்பது எங்கள் சுண்டெலி. வயது ஒன்றரைதான், பெயர் மகள் வைத்தது. மூலையில் முதுகு கூனி உட்கார்ந்திருக்கும். மகள் விரலில் விதை வைத்து நீட்டினால் தின்னும், இல்லையென்றால் அதுவும் இல்லை. எலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, செல்லப்பிராணிக் கடைக்காரர் இரண்டு இளம் பெண் எலிகளை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

"சேரலேன்னா ஆறு மணிக்குள்ள கொண்டு வந்துடுங்க. அப்புறம் நான் வாங்க மாட்டேன். கத்தும், புரட்டி எடுக்கும். ரத்தம் வராத வரைக்கும் கை வைக்காதீங்க. பிரிச்சீங்கன்னா மறுபடி முதல்லேருந்துதான். பழைய கூண்டைக் கழுவிடுங்க, இல்லேன்னா என் வீடுன்னு பாயும்."

கடையிலிருந்தே மனைவிக்குப் போனில் சொன்னேன். கழுவு என்று அவளிடம் சொல்லவே கூடாது. ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. நான் வீடு வந்தபோது கூண்டு மூன்று முறை வெந்நீரில் குளித்து, ஸ்பிரிட்டும் பூசியிருந்தது. அடுப்பில் குக்கர்.

"என்ன சமையல்?"

"எலியோட மரவீடு. மூணு விசில்."

"அது மரமாச்சே!"

"கிருமிக்கு மரம், இரும்புன்னு பேதமா இருக்கு?"

ஈரமில்லாத குளியல் தொட்டியில் மூன்றையும் முதலில் விட்டோம். மோந்து பார்த்தன, விலகின, மறுபடி மோந்தன. அரை மணி நேரம் ஒரு சத்தமில்லை. தைரியம் வந்து கூண்டுக்கு மாற்றினோம். சின்னவை இரண்டும் நேரே மரவீட்டுக்குள் நுழைந்துகொண்டன. கிழவி வாசலில் நின்று மோந்தது. பின்வாங்கியது. கூண்டை இரண்டு சுற்று ஓடியது. பிறகு ஒன்றின் வாலைப் பற்றி வெளியே இழுத்தது. கீச்சென்று ஒரு சத்தம்.

என் கை உள்ளே போய்விட்டது.

நான் லிஃப்ட் மெக்கானிக். புது சத்தம் கேட்டால் முதலில் நிறுத்து, பிறகு யோசி என்று பழகிய கை.

"அப்பா, ரத்தம் வந்துச்சா?" என்றாள் மகள்.

"வர்றதுக்குள்ள எடுத்துட்டேன்."

"அதான் எடுக்கக் கூடாதுன்னாரே!"

இரண்டாம் முறை விட்டோம். எடுத்தேன். மூன்றாம் முறையும். மணி நான்கு. கூடத்துக்கும் குளியலறைக்கும் நடந்தபடி இருந்தேன்.

"தரை தேய்ஞ்சிடப் போகுது, உட்காருங்களேன்," என்றாள் மனைவி.

உட்கார்ந்தேன். எழுந்தேன். சின்னவை போய்விட்டால் கிழவி எத்தனை நாள் தாங்கும் என்று யோசிக்காமலிருக்கத்தான் நடந்தேன்.

ஐந்து மணிக்கு மகள், "அம்மா, கிழவி இப்ப அதுங்களை விட்டுட்டு வீட்டைக் கடிக்குது," என்றாள்.

மனைவி மரவீட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"ஒரு வாசனையும் இல்ல," என்றாள் கடைசியில். "என் வேலையில இதுக்குப் பாராட்டுவாங்க. பாவம், அதுக்கு இது யார் வீடோ."

மூன்றையும் மறுபடி தொட்டியில் விட்டாள். மரவீடு வேண்டாம் என்றாள். பழைய செய்தித்தாளைக் கிழித்துக் குவியலாகப் போட்டாள். "அதுங்களே கட்டிக்கட்டும்."

நான் அட்டைப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டேன். கடைக்கு இருபது நிமிடம். ஐந்து நாற்பதுக்குக் கிளம்பியாக வேண்டும்.

"கையைக் குடுங்கப்பா," என்றாள் மகள். பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

தொட்டியில் கீச்சொலி கிளம்பியது. என் கை தொட்டிப் பக்கம் போகப் பார்த்தது, அவள் விடவில்லை. ஐந்து நாற்பது ஆனது. கடந்தது. மேசைமேல் என் கைபேசி அடித்தது. மனைவி எடுத்தாள்.

"வரலீங்க," என்றாள், எங்களைக் கேட்காமலே. மறுமுனையில் கடைக்காரர் என்னவோ கேட்டிருக்க வேண்டும். "சேர்ந்துச்சான்னு தெரியல. கத்திக்கிட்டிருக்கு."

எட்டிப் பார்த்தேன். கிழவி ஒரு சின்னதைக் குப்புற அழுத்திப் பிடித்து, அதன் காதுக்குப் பின்னால் பல்லால் கோதிக்கொண்டிருந்தது. சின்னது ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. மற்றது காகிதத்தைக் கிழித்தது.

"ரத்தமா?" என்றாள் மகள், நிமிராமல்.

"இல்ல."

"அப்ப பேசாம இருங்க."

இருந்தேன். ஏழு மணிவாக்கில் குவியல் அசைந்தது. முதலில் ஒன்று உள்ளே போனது, பின்னாலேயே இன்னொன்று. கிழவி வெளியே நின்று, வெகுநேரம் மீசை துடிக்க மோந்துகொண்டே இருந்தது. பிறகு அதுவும் நுழைந்தது. உள்ளே ஒரு சின்னக் கீச்சல். அவ்வளவுதான்.

மகள் கைகளை விட்டாள். அவள் பிடித்த இடம் சிவந்திருந்தது. அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், காகிதத்தையே பார்த்தபடி தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.