கடலோரக் கூடாரத்துக்கு ஒரு கான்

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு இருக்கிற இடத்தில் இருப்புக்கொள்வதில்லை. கட்டில் இருந்தால் தரையில் படுக்க ஆசை. கூரை இருந்தால் வானத்தடியில் படுக்க ஆசை. அதற்குக் காசும் கொடுக்கிறார்களாம். சிலோனில் இருந்த காலத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், காய்ச்சல் கண்டிருக்கிறதா என்று தங்கையா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார். இப்போது சொல்கிறவர் குன்னூரிலிருந்து ஜீப்பில் வந்து, சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு சொல்கிறார். அதனால் மகன் விஜயன் நம்புகிறான்.

ஜீப்பில் வந்தவர் பெயர் எட்மண்ட். தேயிலை விலை விழுந்து அது மூன்றாவது வருடம். சேரம்பாடிப் பக்கத்து அந்த எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மற்ற நாட்களில் ஆட்கள் எஸ்டேட்டின் வரிசை வீடான லயத்து வாசலில் குந்தி, புகை வராத ஃபேக்டரிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு வேலையில்லாத காலையில்தான், காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில், எட்மண்ட் ஒரு கூடாரத்தை இறக்கினார். ராமநாதபுரம் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத ஒரு கடற்கரையில் டூரிஸ்ட்டுகளுக்குக் கூடாரம் போடப் போகிறாராம். கட்டவும் கழற்றவும் ஒரு ஆண், சமைக்க ஒரு பெண், புருஷன் பெண்டாட்டியாக வேண்டும். ஆறு மாத வேலை. கட்டிக் காட்டினால் எடுத்துக்கொள்வார்.

விஜயனும் அவன் மனைவி வனிதாவும் போனால் இரண்டு பெயரும் எஸ்டேட் புத்தகத்திலிருந்து போய்விடும். பெயர் போனால் லயத்து அறையும் போகும். தங்கையாவுக்கு வயது முடிந்து பெயர் வெட்டிப் பல வருடமாகிறது. மகன் பெயரை வைத்துத்தான் அவரும் மனைவி காத்தாயியும் அந்த ஒன்றரை அறையில் அடுப்புப் பற்றவைக்கிறார்கள். நேற்று சேதி வந்ததிலிருந்து இதைச் சொல்லியும் விஜயன் கேட்கவில்லை. ஆகவே வந்த ஆளையே கேள்வி கேட்டு விரட்டிவிடுவது என்று, தூறலுக்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"அங்க என்னா இருக்கு?"

"ஒண்ணுமே இல்லீங்க பெரியவரே. அதானுங்க விசேஷம். ரெண்டு பக்கமும் மூணு மைலுக்கு ஒரு ஊடு கெடையாது."

"அப்ப எதுக்கு வாராங்க?"

"கூட்டம் இல்லாம இருக்கத்தானுங்க."

"என்னா செஞ்சிட்டு ஓடி வாராங்க?"

எட்மண்ட் சிரித்தார். "டாக்டருங்க, பேங்க் ஆபீசருங்க. ஓடியெல்லாம் வர்றதில்லீங்க. சும்மா காத்து வாங்குவாங்க, நட்சத்திரம் பாப்பாங்க."

"ஏன், சேரம்பாடியில நட்சத்திரத்துக்கு லே-ஆப் குடுத்துட்டாங்களா?"

"அப்பா, செத்த சும்மா இருங்க," என்றான் விஜயன்.

"நீ இருடா. கக்கூசு?"

"ஆளுக்கொரு சின்ன மம்பட்டி குடுத்துருவோமுங்க. மணல்ல தோண்டி மூடிக்குவாங்க."

தங்கையா மகன் பக்கம் திரும்பினார். "லயத்துல கக்கூசு இல்லன்னு ஒங்க யூனியன் ஒம்பது நாளு ஸ்ட்ரைக் அடிச்சிச்சே விஜயா. நாம டாக்டரு மாதிரி இருந்திருக்கோம்டா. தெரியாமப் போச்சு."

வனிதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். விஜயன் காதில் வாங்காமல் வேலையைத் தொடங்கினான். கழிகளைக் கோத்து, துணியை விரித்து, முளைக்குச்சிகளை ஒரே அடியில் இறக்கினான். பிறகு யாரும் சொல்லாமலே மம்பட்டியை எடுத்தான். கூடாரத்துக்கு மேட்டுப் பக்கமாகப் பிறை வடிவில் ஒரு கான், தண்ணீர் வடிகிற சின்ன வாய்க்கால், வெட்டினான். மலையில் பிறந்தவன் மாட்டுக்கொட்டகை போட்டாலும் மேட்டுப் பக்கம் கான் வெட்டித்தான் போடுவான். சரிவில் வந்த தண்ணீர் கூடாரத்தைத் தொடாமல் கானில் விழுந்து வளைந்து ஓடியது.

"பிரமாதமுங்க," என்றார் எட்மண்ட். "வேல தெரிஞ்ச ஆளு."

மகன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் தங்கையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறை கைவிட்டுப் போகிற சத்தமாகவே அந்தப் பாராட்டு காதில் விழுந்தது.

"எந்த ஊருக் கடல்ல தண்ணி மேட்டுலருந்து வருது? கீழருந்துல்ல வரும். இந்தக் கான் தண்ணியத் தடுக்காது. கைபிடிச்சு உள்ள கூட்டியாந்து விடும்." முளைக்குச்சி ஒன்றைக் காலால் உதைத்தார். அசையவில்லை. "இது செம்மண்ணு, பிடிச்சு நிக்குது. மணல்ல அடிச்சா, மொத காத்துக்கே கூடாரம் டாக்டரோட போயிரும். இவனுக்கு என்னா தெரியும்? கடலயே பாத்ததில்ல."

"நீங்க பாத்திருக்கீங்களா?" என்று எட்மண்ட் நோட்டைத் திறந்தார்.

"படுத்தே இருக்கேன். சிலோன்லருந்து கப்பல்ல வந்து எறங்கி பதினோரு நாளு, மணல்ல, சாக்கக் கட்டிக்கிட்டு. மூணு தடவ காத்து தூக்கிட்டுப் போச்சு. நாலாம் தடவ சாக்கு நெறைய மணல அள்ளிக் கட்டி, முழங்கை ஆழத்துல பொதச்சு, அதுல கயித்தப் போட்டேன். அப்புறம் அசையல. பாசி ஒதுங்குற கோடு இருக்கும். அதுக்கு மேல நாப்பது அடி தள்ளித்தான் படுக்கணும். கீழ படுத்தா பௌர்ணமிக்குக் கடல் வந்து எழுப்பும்."

தேநீர்ப் பாத்திரத்தோடு வந்த காத்தாயிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மகனச் சொல்லுறாரு. மொத நாளு மம்பட்டி எரவல் வாங்கி மேட்டுப் பக்கம் கான் வெட்டினது யாரு? விடியறப்ப நம்ம டிரங்குப் பொட்டி மெதந்துச்சு. கப்பல்ல நனையாத பொட்டி, கரையில நனஞ்சிச்சு."

"அத இப்ப யாரு கேட்டா?"

எட்மண்ட் நோட்டை மூடிவிட்டு, கிழவரையும் கிழவியையும் மாறி மாறிப் பார்த்தார். "பெரியவரே, தூக்கிக் கட்ட அங்கயே பசங்க கெடைப்பாங்க. எங்க கட்டணும், எப்பிடிக் கட்டணும்னு சொல்லத்தான் ஆளில்ல. நீங்களும் அம்மாவுமே வந்துருங்களேன். உங்க மகன் இங்கயே இருக்கட்டும்."

தங்கையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விரட்ட வந்த வாய் எந்த இடத்தில் வேலை கேட்டது என்று யோசித்தார். பயமுறுத்தத்தானே சொன்னார்? விஜயன் குந்தி, அடித்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினான்.

"மாமா போனா ரூம்பு தங்கும்," என்றாள் வனிதா, யாரையும் பார்க்காமல்.

"நான் வாரேன்," என்றாள் காத்தாயி. "இந்தக் குளிர்ல முழங்காலு ரெண்டும் எனக்கில்ல. ஆறு மாசம் வெயில்ல கெடக்குறேன். இவரு வந்தா வரட்டும்."

எட்மண்ட் ஒரு ஃபாரத்தையும் மைப்பெட்டியையும் ஜீப்பின் மூக்கில் வைத்தார். காத்தாயி பெருவிரலை அழுத்திவிட்டுச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இப்பிடி ஒரு ஃபாரத்துல வச்ச கைநாட்டுத்தான் என்னயக் கடல் தாண்ட வச்சிச்சு," என்றார் தங்கையா. "ஒண்ணு கேக்குறேன். படுக்க வாரவங்களுக்கு ஊடு இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்குதுங்க. சொந்த ஊடு."

"அத என்னா செய்வாங்க?"

"பூட்டிட்டு வருவாங்க."

"யாரும் புடுங்கிக்கிட்டதில்லயே?"

"இல்லீங்க."

தங்கையா அந்த மனிதரின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அதுதான் அவரை இன்னும் குழப்பியது. பிறகு விரலை மையில் தோய்த்து ஃபாரத்தில் அழுத்தினார்.

"ரூம்புக்காக வச்சேன். ஒங்க நட்சத்திரத்துக்காக இல்ல," என்று நடக்கத் தொடங்கினார்.

"சாக்கு எத்தனைங்க வேணும்?" என்று எட்மண்ட் பின்னாலிருந்து கேட்டார்.

"கூடாரத்துக்கு ஆறு," என்று திரும்பாமலே சொன்னார். கூடாரம் எடுத்துவிட்ட வெறும் தரையை வளைத்து, மகன் வெட்டிய கானில் தண்ணீர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி, சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு லயத்தைப் பார்த்து இறங்கினார். சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு மணலில் படுக்கிறவன் ஒன்று கடன்காரனாக இருக்க வேண்டும், இல்லை பெண்டாட்டியோடு சண்டை போட்டவனாக இருக்க வேண்டும். டாக்டராம்.